வட கானாவின் அடிபம்புகள்: கேள்வி பதில்

கேள்வி: வட கானாவில் ஒரு கிராமத்துக்கு போர்வெல் போட நிதி திரட்டுகிறோம். இந்தியா மார்க் 2 வாங்குவதா, ஆஃப்ரிடெவ் வாங்குவதா?

அந்த மாவட்டத்தில் எதற்கு உதிரிபாகமும் மெக்கானிக்கும் கிடைக்குமோ அதை வாங்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம்தான். மார்க் 2 எழுபதுகளில் கோயம்புத்தூர் பக்கத்து ஆழக் கிணறுகளில் சோதித்துத் தேறிய பம்பு, உழைப்புக்குக் குறையில்லை. ஆனால் அதன் ஃபுட் வால்வை (தண்ணீர் திரும்ப இறங்காமல் அடியில் தடுக்கும் வால்வு) தொட வேண்டுமென்றால் 3 மீட்டர் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுக்கணும். 30 மீட்டருக்குப் பத்துக் குழாய். முக்காலி, கிளாம்ப், நாலைந்து ஆள் வேண்டும். ஆஃப்ரிடெவில் பிஸ்டனும் ஃபுட் வால்வும் குழாய்க்குள்ளேயே மேலே வந்துவிடும், பிஸ்டனை இழுக்கும் கம்பிகள் கொக்கியில் கழலும். பழகிய பெண்கள் ஒரு ஸ்பானரோடு தாங்களே வாஷர் மாற்றிவிடுவார்கள்.

கேள்வி: பம்பு போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை, தண்ணீர் சிவப்பாக வருகிறது. ஊர்க்காரர்கள் மறுபடி ஓடைக்கே போகிறார்கள். என்ன செய்வது?

முதலில் இரும்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். விடியற்காலையில் யாரும் கை வைக்கும் முன் முதல் தண்ணீரை ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் பிடியுங்கள். ஒரு மணி நேரம் விடாமல் அடித்துவிட்டு இன்னொன்று பிடியுங்கள். இரண்டையும் சில மணி நேரம் திறந்து வையுங்கள். நிலத்தடி இரும்பு தெளிவாக வந்து காற்றுப்பட்டுத்தான் சிவக்கும். முதல் பாத்திரம் மட்டும் சிவப்பு என்றால் பம்பே அரிபடுகிறது. இரண்டும் சிவந்தால் அது நிலத்துத் தண்ணீரிலேயே இருக்கிறது, இரும்பு நீக்கும் வடிகட்டி வேண்டும்.

அரிப்புக்குக் காரணம் அமிலத் தண்ணீர். பிஎச் 6.5-க்குக் கீழே இருந்தால் ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) போடவே கூடாது. துத்தநாகப் பூச்சு சீக்கிரம் கரைந்துவிடும், அப்புறம் மரைப் பக்கத்தில் ஓட்டை, ஒருநாள் குழாய் அறுந்து கிணற்றுக்குள் விழும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயும் கம்பியும் போடுங்கள். தண்ணீரில் குளோரைடு அதிகமென்றால் 316. காசு மிச்சம் என்று ஸ்டெயின்லெஸ் குழாய்களை இணைக்க ஜிஐ கப்ளிங் போட்டால் கப்ளிங் இன்னும் வேகமாக அரிபடும்.

பிஎச்-ஐக் கிணற்றடியிலேயே அளக்க வேண்டும். பாட்டிலில் அடைத்து நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் வழியில் கரியமிலவாயு வெளியேறி எண் ஏறிவிடும், அமிலம் குறைவு போலத் தெரியும். பல கிணறுகளுக்கு ஜிஐ சரி என்று தவறாக முடிவெடுப்பது இந்த இடத்தில்தான். தோண்டுகிறவரின் விலைப்பட்டியலில் பிஎச் மீட்டர் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: பத்துப் பதினைந்து தடவை அடித்தால்தான் தண்ணீர் வருகிறது. கிணறு வற்றுகிறதா?

பெரும்பாலும் இல்லை. தண்ணீர் வரும்வரை அடித்து, அரை மணி விட்டு மறுபடி அடித்து எண்ணுங்கள். ஐந்துக்கு மேல் போனால் ஃபுட் வால்வோ குழாய் இணைப்போ கசிகிறது. தண்ணீர் உடனே வந்தும் 40 தடவை அடித்து 15 லிட்டர் வாளி நிறையவில்லையென்றால் பிஸ்டன் வாஷர் தேய்ந்திருக்கும்.

கேள்வி: பழுதுபார்த்த பிறகு குளோரின் எவ்வளவு போடணும்?

முதலில் கிணற்றில் நிற்கும் தண்ணீரைக் கணக்கிடுங்கள். 125 மி.மீ. கேசிங்கில் (போர்வெல்லின் வெளிக்குழாய்) மீட்டருக்குச் சுமார் 12 லிட்டர் தண்ணீர். 40 மீட்டர் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 490 லிட்டர். லிட்டருக்கு 50 மி.கி. குளோரின் வீதம், 65% குளோரின் உள்ள ஹைப்போகுளோரைட் தூள் 38 கிராம். 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்றுங்கள். பம்பின் வாயில் குளோரின் வாசனை வரும்வரை அடித்து, ஒரு இரவு பம்பைப் பூட்டி வையுங்கள். காலையில் வாசனை போகும்வரை அடித்து வெளியே விட்டபிறகே குடிக்கலாம்.

கேள்வி: கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகுமா?

போகாது, நீர் சுண்டச்சுண்டச் செறிவு கூடும். கானாவின் போங்கோ வட்டாரத்தில் இது பெரிய தொல்லை. லிட்டருக்கு 1.5 மி.கி.க்கு மேலிருந்தால் பம்பு மாட்டாமல் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: பம்பைச் சுற்றிப் போட்ட கான்கிரீட் மேடையில் மூன்றே மாதத்தில் விரிசல். சிமெண்ட் கலப்படமா?

எப்போது போட்டீர்கள் என்று கேட்கணும். ஹர்மாட்டன் என்னும் சஹாரா காற்று வீசும் மாதங்களில் அந்த வறட்சி கான்கிரீட்டின் ஈரத்தைச் சில மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். சாயங்காலம் போட்டு, ஈரச்சாக்கு மூடி, ஏழு நாள் தண்ணீர் தெளிக்க வேண்டும். விரிசலை விட்டால் சிந்திய தண்ணீர் கேசிங் ஓரமாகவே கிணற்றுக்குள் இறங்கும். உளியால் வெட்டித் திறந்து, நன்றாக நனைத்து, புதுக் கலவை பூசுங்கள்.