கும்பகோணத்தில் இருக்கிறேன். மே மாதம் செஸ்னா 172 என்ற நான்கு இருக்கைச் சிறு விமானத்தில் டேராடூன் போக எப்படித் திட்டமிடுவது?

கும்பகோணத்திலிருந்து கேட்கிறீர்கள். பக்கத்திலுள்ள தஞ்சாவூர் விமானத் தளம் விமானப்படையுடையது என்பதால் திருச்சியிலிருந்துதான் கிளம்ப வேண்டும். நேர்கோட்டிலேயே 2,100 கிலோமீட்டருக்கு மேல். 3 நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் எரிபொருள். இந்த விமானத்துக்கான பெட்ரோல், ஏவிகேஸ் 100எல்எல், எல்லா விமான நிலையத்திலும் கிடைக்காது. அது இருக்கும் இடங்களைப் போனில் உறுதிசெய்துவிட்டு, அவற்றை இணைத்தே பாதையை வரையுங்கள். 172எஸ் ரகத்தில் பயன்படுத்தக்கூடியது சுமார் 200 லிட்டர், செலவு மணிக்கு 35 லிட்டர். ஒரு மணி நேரக் கையிருப்பை நான் ஒருபோதும் தொடவிடமாட்டேன். ஊற்றியதும் சாம்பிள் எடுத்துப் பாருங்கள்: நீல நிறம் இருக்க வேண்டும். தவறி ஜெட் எரிபொருள் கலந்தால், மேலேறும்போதே இஞ்சின் நின்றுவிடலாம்.

அடுத்தது வெயில். கடல் மட்டத்திலிருந்து 3,000 அடி உயரத்தில் இருக்கும் ஓடுதளத்தில் 35 டிகிரி என்றால், விமானம் 6,100 அடியில் இருப்பதுபோலத் திணறும். அந்த உயரத்துக்கான நியம வெப்பநிலையைவிடக் கூடுதலான ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி. ஓட்டம் நீளும், ஏற்றம் குறையும். டேங்க் நிரம்பினால் எரிபொருளே 144 கிலோ. எனவே நான்கு பேர் வேண்டாம், இருவர் போதும்.

விடிந்ததும் கிளம்பி 11 மணிக்குள் இறங்கிவிடுங்கள், பிற்பகலில் இடிமேகம் கட்டும். விமானத் திட்டத்துடன் வான்பாதுகாப்பு அனுமதி எண்ணும் கையில் இல்லாமல் இஞ்சினைக் கிளப்பாதீர்கள்.