402 மீட்டருக்குப் பிறகு என்ன இருக்கிறது?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “என் தம்பிக்கு வயது 21. என் பெயரில் தவணைக்கு வாங்கிய 200 சிசி பைக்கை அவன்தான் ஓட்டுகிறான். ஞாயிறு அதிகாலையில் நண்பர்களுடன் மதுரை ரிங் ரோட்டில் டிராக் ரேஸ் விடுவது இப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. வேண்டாமென்றால் கேட்க மாட்டான். நல்ல ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் வாங்கிக் கொடுத்தால் போதுமா? ஏதாவது நேர்ந்தால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?”

போதாது, இன்சூரன்ஸையும் நம்பியிருக்க முடியாது. காரணங்களைச் சொல்கிறேன், தம்பியையும் அருகில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

டிராக் (drag) ரேஸ் என்பது நேர்சாலையில் கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓட்டம். அவ்வளவு தூரத்தில் 200 சிசி வண்டி ஏறக்குறைய 120 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும். அந்த வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 33 மீட்டர் கடக்கிறது. குறுக்கே ஒரு மாடு வந்ததைக் கண்டு பிரேக்கில் கை வைப்பதற்குள்ளாகவே அந்த ஒரு நொடி போய்விடும், அதன் பிறகு காய்ந்த சாலையில், நல்ல டயரோடு, பதறாமல் பிடித்தாலும் நிற்க ஏறத்தாழ 80 மீட்டர் வேண்டும். பையன்கள் கணக்கில் வைப்பது ஓடும் தூரத்தை மட்டும்தான். நிற்கும் தூரத்தை யாரும் அளப்பதில்லை, உயிர் போவது பெரும்பாலும் அங்கேதான் என்பதே என் கவலை.

இதைத் தொழில்முறைப் பந்தயமே பெரும் விலை கொடுத்துத்தான் கற்றது. 2008 ஜூனில் அமெரிக்காவின் இங்கிலீஷ்டவுன் தடத்தில் ஸ்காட் கலிட்டா என்ற அனுபவம் மிக்க வீரர், எஞ்சின் வெடித்து, வேகத்தைக் குறைக்கக் காரின் பின்னால் விரியும் பாராசூட்டும் உதவாமல் தடத்தின் முடிவையும் தாண்டிச் சென்று இறந்தார். அடுத்த மாதமே மிக வேகமான வகை வண்டிகளுக்கான ஓட்டத்தை 402 மீட்டரிலிருந்து 305 மீட்டராகக் குறைத்து, நிற்பதற்கான இடத்தை நீட்டினார்கள். மணல் படுகையும் ஆம்புலன்சும் மார்ஷல்களும் இருந்த இடத்திலேயே இந்த நிலை. நம் ரிங் ரோட்டிலோ சென்டர் மீடியன் இடைவெளியில் லாரி திரும்பும், ஓரத்தில் விளக்கில்லாமல் டிராக்டர் நிற்கும். நத்தம் சாலையின் 7.3 கிலோமீட்டர் மேம்பாலம் காலியாகத் தெரிந்தாலும், அங்கே விலகி ஒதுங்க மண் ஓரம்கூடக் கிடையாது.

ஐஎஸ்ஐ முத்திரையுள்ள முழுமுக ஹெல்மெட் அவசியம்தான், வாங்கிக் கொடுங்கள். தாடைக்குக் கீழுள்ள வாரை மாட்டாவிட்டால் அது தலையில் நிற்காது என்பதையும் சொல்லுங்கள். ஜாக்கெட் சாலையில் தேய்ந்து தோல் உரிவதைத் தடுக்கும். ஆனால் மீடியன் சுவரில் மார்பும் இடுப்பும் மோதும்போது அது பெரிதாக எதையும் தடுக்காது.

காப்பீட்டைப் பொறுத்தவரை உங்கள் நிலை தம்பியின் நிலையைவிடச் சிக்கலானது. வழக்கமான பாலிசியில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்ட பயன்பாடுகள். ஆகவே வண்டி நொறுங்கினால் நிறுவனம் கையை விரிக்கலாம், தவணையை மட்டும் நீங்கள் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு வண்டியை ஓட்டும் உரிமையாளருக்கானது. உரிமையாளர் நீங்கள், எனவே தம்பி அதில் வரமாட்டார். வழியில் சென்ற ஒருவர் அடிபட்டால், நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றம் உத்தரவிடவும் வாய்ப்புண்டு. இதோடு, பொதுச்சாலைப் பந்தயத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவில் முதல் முறையே 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

தம்பிக்கு வேகத்தில் உண்மையான ஆர்வம் இருந்தால் அதை அவமதிக்காதீர்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் முறையான பந்தயத் தடங்கள் உள்ளன. உரிமம், வண்டிச் சோதனை, தோல் உடை, மருத்துவக் குழு என எல்லாவற்றோடும் போட்டிகள் நடக்கின்றன. செலவு கூடுதல்தான், ஒரு விபத்தின் ஆஸ்பத்திரிச் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அதற்கு முன், ஒரு ஞாயிறு காலை வெளிச்சத்தில் தம்பியோடு அதே சாலைக்குப் போங்கள். அவர்கள் முடிவுக்கோடாக வைத்திருக்கும் இடத்தை அவரே காட்டட்டும். அங்கிருந்து, நிற்கத் தேவைப்படும் ஏறத்தாழ 120 மீட்டரை இருவரும் நடந்து அளந்து, அதற்குள் எத்தனை திருப்பங்கள், எத்தனை மீடியன் இடைவெளிகள், எத்தனை கடைகள் இருக்கின்றன என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள்.