சுவரில் உள்ள பத்து எண்கள்

கேள்வி: வாஷிங்டனில் உள்ள அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில், நீதிபதிகளின் இருக்கைக்கு மேலே உள்ள புடைப்புச் சிற்பத்தில் ஒன்று முதல் பத்து வரை ரோமன் எண்கள் பொறித்த பலகை ஒன்று உள்ளது. அது விவிலியத்தின் பத்துக் கட்டளைகளையே குறிக்கிறது என்கிறார்கள். சரியா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: பத்து என்ற எண்ணைக் கண்டதும் மனம், விவிலியத்தின்படி அக்கட்டளைகளைப் பெற்ற மோசேயிடம் செல்வது இயல்புதான். ஆனால், அந்தப் பளிங்குச் சிற்பங்களை வடித்த அடோல்ஃப் வைன்மன், கட்டடக் கலைஞர் காஸ் கில்பர்ட்டுக்கு எழுதிய கடிதத்தில், அந்தப் பலகை உரிமைகள் சாசனம் எனப்படும் முதல் பத்து அரசியலமைப்புத் திருத்தங்களைக் குறிப்பதாகவே விளக்கியிருக்கிறார். 1791இல் நடைமுறைக்கு வந்த அத்திருத்தங்களின் எண்ணிக்கையும் பத்துதான்.

சிற்பியின் கடிதம் கிடைக்காத நிலையிலும் சிற்பமே நமக்குப் பெரிதும் உதவியிருக்கும். பலகையின் இருபுறமும் அமர்ந்திருப்பவை சட்டத்தின் மாட்சியையும் அரசின் வலிமையையும் உருவகப்படுத்தும் வடிவங்கள். அங்கே மோசே இல்லை. அவர் அதே அறையின் தெற்குச் சுவரில், ஹமுராபி, சாலமோன், சோலோன் முதலான பழங்காலச் சட்டம் வகுத்தோர் வரிசையில் நிற்கிறார். அவர் கையில் உள்ள பலகைகளில் ரோமன் எண்கள் இல்லை. ஆறு முதல் பத்து வரையிலான கட்டளைகளின் எபிரெய எழுத்துகள், தாடி ஓரளவு மறைக்கும்படி, செதுக்கப்பட்டுள்ளன. பத்துக் கட்டளைகளைக் காட்ட வேண்டிய இடத்தில் அவற்றைத் தெளிவாகவே காட்டிய ஒரு சிற்பி, இருக்கைக்கு மேலே வேறொரு வடிவத்தைத் தேர்ந்தது தற்செயலாக இருக்க முடியாது என்பது என் துணிபு.

இதைக் கொண்டு அக்கட்டடத்தில் மோசேக்கு முதன்மையே இல்லை என்று எதிர்முனைக்குச் சென்றுவிடவும் கூடாது. 1935இல் நிறைவுற்ற அக்கட்டடத்தின் கிழக்கு முகப்பில், முக்கோண மேற்பகுதியின் நடுவில், அவரே வீற்றிருக்கிறார். ஆனால் அவருக்கு இருபுறமும் சீனச் சிந்தனையாளர் கன்ஃபூசியஸும் கிரேக்கச் சட்ட வல்லுநர் சோலோனும் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு அவரை மட்டும் படமெடுத்துப் பரப்புவது பொருளைத் திரித்துவிடும். அதைச் செதுக்கிய ஹெர்மன் மெக்நீல், அமெரிக்கச் சட்டம் முந்தைய நாகரிகங்களிலிருந்து மரபுரிமையாக வந்தது என்பதால், கிழக்கிலிருந்து பெற்ற அடிப்படை நெறிகளைக் கிழக்கு முகப்பில் காட்டியதாகக் கூறியிருக்கிறார்.