அந்த வரியை ஏன் எடுக்கச் சொன்னீர்கள்?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு, செல்வாக்கு மிக்க அமெரிக்கர்களைப் பற்றி ஒரு குழு ப்ராஜெக்ட். நாலு பேர் சேர்ந்து ரோசா பார்க்ஸை எடுத்துக்கொண்டார்கள். ஸ்லைடு, போஸ்டர், பேச்சு எல்லாம் இவள் தலையில்தான் விழுந்தது. ஒரு பையன் ஒரு மீட்டிங்குக்கும் வரவில்லை. அம்மா வேலையிலிருந்து வர ராத்திரி ஆகுமாம், அதுவரை தம்பியை இவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். முடிந்ததும் அவரவர் அனுபவத்தை ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். சமைத்து விற்ற ஜார்ஜியா கில்மோர் பற்றி அவன்தான் போனில் சொன்னான் என்று முதலில் எழுதியிருந்தாள். எதற்கு வீணாக என்று அந்த வரியை எடுக்கச் சொன்னேன். கடைசியில் நாலு பேருக்கும் ஒரே மார்க்! பெண் சுருண்டு போயிருக்கிறாள். டீச்சரிடம் புகார் கொடுக்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஒருத்தி உழைத்தாள், மற்றவர்கள் மார்க் வாங்கினார்கள் என்ற கடிதம் எனக்கு வராத மாதம் இல்லை. புகார் வேண்டாம். போகிற போக்கில் 'எடுக்கச் சொன்னேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

கில்மோர் யார் என்று உங்கள் மகளிடம் கேட்டீர்களா? 1955 டிசம்பர் 1 அன்று அலபாமாவின் மான்ட்கோமரியில், பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம் விட மறுத்துப் பார்க்ஸ் கைதானார். அன்று ராத்திரியே கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன், இரண்டு மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறாதீர்கள் என்று விடிய விடிய ஆயிரக்கணக்கில் நோட்டீஸ் அடித்தார். கறுப்பின மக்கள் 381 நாள் பஸ் ஏறவில்லை. அவர்களை வேலைக்கு ஏற்றிச் செல்லக் கார்கள் ஓடின. அந்தக் கார்களுக்குப் பெட்ரோல் போடப் பணம் வேண்டாமா? கில்மோர் சிக்கன் பொரித்தார், சாண்ட்விச்சும் கேக்கும் செய்தார், அக்கம்பக்கத்துப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு விற்று, வந்த காசைப் போராட்டத்துக்குக் கொடுத்தார். பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் 'எங்கிருந்தும் இல்லை' என்று பதில் சொல்லும்படி தங்கள் சங்கத்துக்கே அப்படியொரு பெயர் வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்த பெண்கள் பலர். பெயர் தெரிந்தால் வேலை போய்விடும். போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங் மீது 1956-இல் நடந்த வழக்கில் கில்மோர் சாட்சி சொன்னார். அதோடு அவர் வேலையும் போயிற்று.

அந்தப் பெண்கள் பிழைப்புக்குப் பயந்து பெயரை மறைத்தார்கள். இந்தப் பையன் பெயரை மறைக்க உங்களுக்கு என்ன வந்தது? மார்க்கில் பங்கு போய்விடும் என்றா?

இன்னொன்றும் கவனித்தேன். குழுவில் நாலு பேர். உங்கள் மகளையும் இந்தப் பையனையும் தள்ளினால் மிச்சம் இரண்டு பேர். அவர்கள் என்ன செய்தார்கள் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. உங்கள் கோபமெல்லாம், தம்பிக்குச் சோறு போட்டுக்கொண்டே போனில் பாடத்துக்கும் உதவிய பிள்ளை மேல். இதையே உங்கள் மகன் செய்திருந்தால் ஊரிலிருக்கும் பாட்டி வரைக்கும் போன் போட்டுப் பெருமைப்பட்டிருக்க மாட்டீர்களா? வீட்டில் சின்னதைப் பார்த்துக்கொள்வது மீட்டிங்கைவிடப் பெரிய வேலை என்பதுதான் என் கட்சி. எந்த டீச்சர் சொன்னாலும் இதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

உங்கள் மகள் உழைத்தாள், நிஜம்தான். அவ்வளவு உழைத்தும், அடுத்தவன் பங்கை யாரும் கேட்காமலே எழுதினாளே, அந்தக் குணம் எத்தனை பிள்ளைகளுக்கு வரும்? அதை நீங்களே அடிக்கச் சொல்லிவிட்டீர்கள். அவள் சுருண்டு போனது மார்க்குக்காகத்தான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கேட்டுப் பாருங்கள்.

இன்றைக்கே அவளிடம் 'நான் சொன்னது தப்பு' என்று சொல்லுங்கள். அந்த வரியைத் திரும்பச் சேர்த்து, விட்டுப்போனது என்று டீச்சரிடம் அவளே கொடுக்கட்டும். மார்க் பேச்சை எடுக்கவே வேண்டாம். மற்ற இரண்டு பேரிடம் வேலை வாங்குவது எப்படி என்பதை அடுத்த ப்ராஜெக்டில், முதல் வாரத்திலேயே அவள் பேசிக் கற்றுக்கொள்வாள். அப்போது மீட்டிங்கை உங்கள் வீட்டில் வையுங்கள். அந்தப் பையனின் அம்மாவுக்கு நீங்களே போன் செய்து, தம்பியையும் கூட்டிக்கொண்டு வரட்டும் என்று சொல்லுங்கள். சின்னவனுக்கும் சேர்த்து நாலு தோசை ஊற்றுங்கள். திரும்பும்போது இருவரையும் நீங்களே காரில் கொண்டுபோய் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.