ஜிங்க் மாத்திரையை இரண்டாக்கினால் கவுன்ட் ஏறுமா?

கேள்வி: எனக்கு வயது 34, மனைவிக்கு 31. குழந்தைக்காக 14 மாதங்களாக முயன்று வருகிறோம். ஆறு வாரத்துக்கு முன் எடுத்த விந்துப் பரிசோதனையில் அளவு 2.1 மி.லி., எண்ணிக்கை மி.லி.க்கு 9 மில்லியன், முன்னோக்கி நீந்துபவை 22 சதவீதம், இயல்பான வடிவம் 2 சதவீதம் என்று வந்தது. நண்பர் சொன்னதைக் கேட்டு அன்றிலிருந்து ஜிங்க் சல்ஃபேட் 220 மி.கி. மாத்திரை தினம் ஒன்று, காலையில் வெறும் வயிற்றில் எடுக்கிறேன். குமட்டுகிறது. கூடவே ஒரு மல்டிவைட்டமினும் உண்டு. "ஒன்று போதாது, இரண்டாகப் போடு" என்கிறார் நண்பர். டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி போட்டால் சீக்கிரம் சரியாகும் என்கிறார் ஜிம் பயிற்சியாளர். பரிசோதனைக்கு ஐந்து வாரம் முன்பு நான்கு நாள் 103 டிகிரி காய்ச்சல் அடித்தது. மற்றபடி ஆரோக்கியமாகவே இருக்கிறேன். என்ன செய்யட்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: இரண்டாவது மாத்திரை வேண்டாம். ஊசி வேண்டவே வேண்டாம். இப்போது போடும் ஒன்றையும் நிறுத்திவிடலாம். உங்கள் கடிதத்தில் முக்கியமான செய்தி ஜிங்க் இல்லை. போகிற போக்கில் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் காய்ச்சல்தான்.

விரைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதே சூடு ஆகாது என்பதால்தான். உடல் வெப்பத்தைவிட இரண்டு மூன்று டிகிரி செல்சியஸ் குறைவாக இருந்தால்தான் அங்கே வேலை ஒழுங்காக நடக்கும். ஒரு விந்தணு உருவாகி முடிய சுமார் 74 நாள். பிறகு எபிடிடிமிஸ் என்னும் சுருள் குழாயில் ஊர்ந்து, நீந்தக் கற்று வெளியே வர மேலும் பத்துப் பதினான்கு நாள். மொத்தத்தில் ஏறக்குறைய மூன்று மாதம். காய்ச்சல் நாட்களில் அரைகுறையாக இருந்த அணுக்கள் அடிபடுகின்றன. அந்தச் சேதம் அடுத்த சில வாரங்களில்தான் ரிப்போர்ட்டில் தெரியும். நீங்கள் மாதிரி கொடுத்த ஐந்தாவது வாரம் அதற்குள்ளேதான் வருகிறது. எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் மூன்றும் ஒன்றாக விழுந்திருப்பதும் இதோடு பொருந்துகிறது.

கணக்குப் போட்டால் இன்று காய்ச்சல் முடிந்து 11 வாரம். இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் பழைய சரக்கு தீர்ந்து புதியது வந்திருக்கும். அப்போது மறுபரிசோதனை செய்தால் எண் ஏறியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இடையில் மாத்திரை போட்டிருந்தால் பெயர் யாருக்குப் போகும்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். 'ஜிங்க் போட்டேன், மூணு மாசத்துல கவுன்ட் ஏறிடுச்சு' என்று சொல்லப்படும் கதைகளில் எத்தனை இப்படிப்பட்டவையோ!

மறுபரிசோதனையைச் சரியாகச் செய்யுங்கள். விந்து வெளியேறி 2 முதல் 7 நாள் இடைவெளி போதும். பத்துப் பதினைந்து நாள் சேர்த்து வைத்தால் எண்ணிக்கை கூடினாலும் ஓட்டம் குறையும். ஆய்வகத்திலேயே மாதிரி கொடுப்பது நல்லது. வீட்டில் எடுத்தால் சட்டைக்குள் உடம்பை ஒட்டி வைத்துக்கொண்டு அரை மணி நேரத்துக்குள், தவறினாலும் ஒரு மணிக்குள் சேர்த்துவிடுங்கள். எண்ணெய், சோப்பு, ஜெல், சாதாரண ஆணுறை எதுவும் கூடாது. பலர் வெளியே சொல்லாத ஒன்று: முதல் துளிகள் டப்பாவுக்கு வெளியே போய்விடுவது. விந்தணு அதிகம் இருப்பதே அந்த முதல் பகுதியில்தான். அது சிந்தியிருந்தால் கூச்சப்படாமல் ஆய்வகத்தில் சொல்லிவிட்டு, வேறொரு நாள் மறுபடி கொடுங்கள்.

ரிப்போர்ட்டில் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் 'இயல்பு அளவு' பாஸ் மார்க் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி அளவு 1.4 மி.லி., எண்ணிக்கை மி.லி.க்கு 16 மில்லியன், மொத்தம் 39 மில்லியன், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், இயல்பான வடிவம் 4 சதவீதம். ஓராண்டுக்குள் குழந்தை உண்டான ஆண்களிலேயே கடைசி 5 சதவீதத்தைப் பிரிக்கும் கோடு இது. உங்கள் மொத்தம் 2.1 பெருக்கல் 9, அதாவது சுமார் 19 மில்லியன். குறைவுதான், ஆனால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரே ஆளுக்கு மாதத்துக்கு மாதம் இந்த எண்கள் பெரிதாக மாறும். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டக் கூடாது.

இனி ஜிங்க், அதாவது துத்தநாகம். இதற்கும் ஆண்மைக்கும் தொடர்பே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. புராஸ்டேட் சுரப்பி துத்தநாகத்தை இரத்தத்தைவிடப் பல மடங்கு செறிவாகச் சேர்த்து விந்துவில் கலக்கிறது. விந்தணுவின் தலைக்குள் மரபுப்பொருளை இறுக்கிக் கட்டி வைக்க அது உதவுகிறது. 1960களின் தொடக்கத்தில் ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர் ஈரானில், வளர்ச்சி குன்றி, பருவமே எய்தாதிருந்த இளைஞர்களைப் பார்த்துத்தான் மனிதருக்கு துத்தநாகக் குறைபாடு உண்டு என்பதையே உலகத்துக்குச் சொன்னார். அவரது குழு 1996இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், துத்தநாகம் குறைந்த உணவை 20 வாரம் சாப்பிட்ட இளைஞர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காக இறங்கியது. லேசான குறைபாடு இருந்த முதியவர்களுக்கு மாத்திரை கொடுத்ததும் கிட்டத்தட்ட இரட்டிப்பானது. விளம்பரங்கள் அந்த 'இரட்டிப்பு' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டன. 'குறைபாடு இருந்த' என்ற சொல்லை விட்டுவிட்டன. குறைபாடு இல்லாத ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது டெஸ்டோஸ்டிரோன் அசையவில்லை. நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றினால் தரைதான் நனையும்.

விந்தணுவிலும் இதே கதைதான். 2002இல் நெதர்லாந்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், கருவளம் குறைந்த ஆண்களுக்கு ஜிங்க் சல்ஃபேட்டும் ஃபோலிக் அமிலமும் சேர்த்து 26 வாரம் கொடுத்தபோது இயல்பான விந்தணுக்களின் மொத்த எண்ணிக்கை 74 சதவீதம் கூடியது. பெரிய நம்பிக்கை பிறந்தது. அதைச் சோதிக்க அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்துப் பெரிய ஆய்வு நடந்தது. முடிவு 2020 ஜனவரியில் வெளியானது. ஆண்களில் ஒரு பாதிக்குத் தினம் 30 மி.கி. துத்தநாகமும் 5 மி.கி. ஃபோலிக் அமிலமும், மறு பாதிக்கு வெற்று மாத்திரையும், ஆறு மாதம் தரப்பட்டன. குழந்தை பிறந்தது மாத்திரைக் குழுவில் 34 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 35 சதவீதம். எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் எதிலும் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. விந்தணுவின் டி.என்.ஏ. உடைசல் மாத்திரைக் குழுவில் சற்றுக் கூடுதல். வயிற்று உபாதை, குமட்டல், வாந்தியும் அவர்களுக்கே அதிகம்.

உங்கள் மாத்திரை டப்பாவைத் திருப்பி லேபிளைப் பாருங்கள். 220 மி.கி. என்பது ஜிங்க் சல்ஃபேட் உப்பின் எடை. அதில் சுத்தமான துத்தநாகம் சுமார் 50 மி.கி. உப்புக்கு உப்பு இந்தப் பங்கு மாறும்: குளுக்கோனேட் என்றால் ஏழில் ஒரு பங்கு, பிக்கோலினேட் என்றால் ஐந்தில் ஒரு பங்கு, சிட்ரேட் என்றால் மூன்றில் ஒரு பங்கு. சில நிறுவனங்கள் உப்பின் எடையைப் பெரிதாகப் போடும், சில தனிமத்தின் எடையை மட்டும் போடும். 'எலிமென்டல் ஜிங்க்' என்று தனியாக எழுதியிருக்கும் எண்தான் உங்களுக்கு வேண்டியது. அமெரிக்கக் கணக்கில் வயது வந்த ஆணுக்கு நாளொன்றுக்குத் தேவை 11 மி.கி.; உணவும் மாத்திரையும் சேர்ந்து தாண்டக்கூடாத வரம்பு 40 மி.கி. ஐரோப்பிய வரம்பு இன்னும் கறார்: 25 மி.கி. நீங்கள் ஒரே மாத்திரையில் 50 எடுக்கிறீர்கள். அதற்கு மேல் மல்டிவைட்டமினில் இருப்பது, சாப்பாட்டில் வருவது. நண்பர் பேச்சைக் கேட்டால் அது 100ஐத் தாண்டும்.

தாண்டினால் என்ன என்கிறீர்களா? அடி வாங்குவது செம்பு. துத்தநாகம் அதிகம் வந்தால் குடல் சுவரின் அணுக்கள் ஒரு புரதத்தை நிறையச் செய்யும். அது துத்தநாகத்தைவிடச் செம்பை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். சில நாளில் அந்த அணுக்கள் உதிர்ந்து மலத்தோடு போகும்போது செம்பும் போய்விடும். உடம்பில் செம்பு தேங்கும் வில்சன் நோய்க்கு மருத்துவர்கள் துத்தநாகத்தை மருந்தாகவே தருவது இந்தத் தந்திரத்தால்தான். அந்த நோய் இல்லாதவர் மாதக்கணக்கில் இப்படி எடுத்தால் இரத்தசோகை, வெள்ளணுக் குறைவு, முற்றினால் தண்டுவடப் பாதிப்பு. துத்தநாகம் கலந்த பல்செட் பசையை அளவுக்கு மீறிப் பூசி வந்தவர்கள்கூட நடை தடுமாறி மருத்துவமனைக்கு வந்ததுண்டு. ஆறு வாரத்துக்காக நீங்கள் பதற வேண்டாம். ஆனால் காலில் மரத்துப்போவது, நடையில் தள்ளாட்டம் இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

ஜிங்க் உண்மையிலேயே தேவைப்படுபவர்கள் உண்டு: குடலில் நீண்டகால அழற்சி உள்ளவர்கள், உடல் எடைக்காக வயிற்று அறுவை செய்துகொண்டவர்கள், அதிகம் மது அருந்துபவர்கள், இரத்த அழுத்தத்துக்கான தயசைடு வகை மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்கள், இறைச்சி, மீன் எதுவும் தொடாமல் தவிடு நீக்காத தானியத்தையும் பருப்பையும் மட்டும் நம்பியிருப்பவர்கள். தானியம், பருப்பில் உள்ள ஃபைட்டேட் துத்தநாகத்தைக் கட்டிப்போட்டுவிடும்; ஊறவைப்பதும் முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் அந்தக் கட்டை ஓரளவு அவிழ்க்கும். நீங்கள் இதில் எதிலாவது அடங்கினால் இரத்தத்தில் அளவு பார்க்கலாம். காலையில் வெறும் வயிற்றில், உடம்பில் தொற்று எதுவும் இல்லாதபோது, துத்தநாகக் கலப்பில்லாத குழாயில் எடுக்க வேண்டும். சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியே அளவைக் கூட்டிக் காட்டும். காய்ச்சல் இருந்தால் எண் பொய்யாகக் குறையும். ஆணுக்கு டெசிலிட்டருக்கு 74 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால்தான் குறைபாடு பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

மருத்துவர் எழுதிக்கொடுத்தால் சாப்பாட்டோடு எடுங்கள். உறிஞ்சப்படுவது கொஞ்சம் குறையும், ஆனால் குமட்டாது. வெறும் வயிற்றில் சல்ஃபேட் போட்டால் பலருக்குச் சீக்கிரமே மாத்திரை அலமாரிக்குப் போய்விடும். இரும்புச்சத்து மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றுங்கள். டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் எடுத்தால் அதை ஜிங்குக்கு 2 மணி நேரம் முன்போ 4 முதல் 6 மணி நேரம் பின்போ போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டு மருந்து வேலை செய்யாது.

பயிற்சியாளர் சொன்ன ஊசி இதைவிட ஆபத்து. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் மூளை 'போதும்' என்று விரைகளை இயக்கும் எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். என்ற இரண்டு ஹார்மோன்களையும் நிறுத்திவிடும். விந்தணு உற்பத்திக்கு விரைக்குள்ளேயே சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் வேண்டும், அது வற்றிவிடும். தோள் பெருக்கும், விந்தணு பூஜ்யத்துக்கே போகலாம். ஊசியை நிறுத்திய பிறகு பழைய நிலைக்குத் திரும்ப ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகவே இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள் என்றால் புரிந்துகொள்ளுங்கள்.

மறுபரிசோதனையிலும் எண் குறைவாகவே வந்தால் ஆண் கருவளத்தைக் கவனிக்கும் சிறுநீரியல் மருத்துவரை (யூராலஜிஸ்ட்) பாருங்கள். நிற்கவைத்து விரைப்பையைத் தொட்டுப் பார்ப்பார். விரைப்பையின் இரத்தக்குழாய் புடைத்த வெரிகோசீல் இருக்கிறதா என்று தேடுவார். குழந்தையில்லாமல் வரும் ஆண்களில் மூவரில் ஒருவருக்கு மேல் இது இருக்கிறது; சரிசெய்யவும் முடியும். பிறகு காலை நேர டெஸ்டோஸ்டிரோன், எஃப்.எஸ்.ஹெச். பார்ப்பார். இதற்கிடையில் புகை பிடிப்பவரானால் விட்டுவிடுங்கள். மடிக்கணினியை மடியில் வைக்காதீர்கள். நீராவிக் குளியல் வேண்டாம்.

ஓராண்டு தாண்டிவிட்டதால் உங்கள் மனைவிக்கான பரிசோதனைகளையும் இப்போதே தொடங்குங்கள். உங்கள் ரிப்போர்ட்டுக்காக அவர் காத்திருக்க வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது ஜிங்க், மல்டிவைட்டமின், ஜிம்மில் வாங்கிய பவுடர் என எல்லா டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். காய்ச்சல் வந்த தேதியையும் ஒரு தாளில் எழுதி முதல் ரிப்போர்ட்டோடு சேர்த்துப் பின் போட்டு வைத்துவிடுங்கள்.