கழிவுநீரில் மின்சாரம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சோலார் பேனலும் வெயிலில் இயங்கும் எரிபொருள் கலனும் ஒன்றுதானே? (கீழக்கரை)

இல்லை. பேனலுக்குத் தண்ணீரே தேவையில்லை. கலனில், டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய தகட்டில் வெயில் படும்போது நீரிலுள்ள கரிம அழுக்கு சிதைகிறது, எலக்ட்ரான்கள் கம்பி வழியாக எதிர்முனைக்கு, அதாவது எதிரே இருக்கும் இன்னொரு தகட்டுக்குப் போகின்றன, அந்த ஓட்டம்தான் மின்சாரம்.

மீன் கழுவிய தண்ணீர் தினமும் 1000 லிட்டர் சேர்கிறது. இதை வைத்து ஃப்ரீசர் ஓட்டலாமா? (மண்டபம்)

ஓட்ட முடியாது. யார் எழுதினாலும் எத்தனை பல்பு எரியும், எந்த மோட்டார் ஓடும் என்றுதான் கேட்கிறீர்கள், தண்ணீர் எவ்வளவு சுத்தமாகும் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை. நீங்களும் சி.ஓ.டி. (அழுக்கைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு, அதாவது அழுக்கின் அளவுகோல்) எழுதவில்லை, உப்பு அளவும் எழுதவில்லை, அப்புறம் நான் எதை வைத்துக் கணக்குப் போடுவது? சரி, லிட்டருக்கு 2000 மில்லிகிராம் சி.ஓ.டி. என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 2 கிலோ. கிலோவுக்குச் சுமார் 4 யூனிட் வீதம் காகிதத்தில் 8 யூனிட் வரும், ஆனால் கைக்கு வருவது அதில் மிகச் சிறிய பங்குதான், ஒரு கலன் ஒரு வோல்ட் அளவில்தான் கொடுக்கும். கூரையில் 1 கிலோவாட் பேனல் போட்டால் நாளுக்கு 4 யூனிட் சும்மா வரும். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இலேயே வந்துவிட்ட மாவட்டத்தில் இருந்துகொண்டு மீன் கழுவிய தண்ணீரிடம் போய்க் கரண்ட் கேட்கலாமா? இது தண்ணீரைச் சுத்தம் செய்யும் கருவி, மின்சாரம் கொசுறு. கரண்ட் ஆசை காட்டி விற்க வருபவரிடம், வெளியேறும் நீரின் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். செதிலையும் கொழுப்பையும் முதலில் வடிகட்டுங்கள், தகட்டில் படிந்தால் வெளிச்சம் உள்ளே போகாது.

உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துமே, இறால் பண்ணைக்கு லாபம்தானே? (தொண்டி)

பாதி சரி. மின்தடை குறையும். ஆனால் தகட்டில் குளோரைடும் ஆக்சிஜனேற்றமாகிக் குளோரின் உண்டாகும். அது அம்மோனியாவைக் குறைக்கும் என்றாலும், கரிமப் பொருளோடு சேர்ந்தால் தீங்கான சேர்மங்களைத் தரும். அந்தத் தண்ணீரைச் சோதிக்காமல் பாக் விரிகுடாவில் திறந்துவிடாதீர்கள். பரிசோதனை, பரிசோதனை, மறுபடியும் பரிசோதனை.

ராத்திரி வேலை செய்யுமா? (ஏர்வாடி)

செய்யாது. அழுக்கை நுண்ணுயிர்களே சிதைக்கும் நுண்ணுயிர்க் கலன் செய்யும், அது வேறு வகை.

எங்கள் ஊர் வெயிலுக்கு ஒரே நாளில் சுத்தமாகிவிடாதா? கல்லூரி புராஜெக்ட். (ராமநாதபுரம்)

வெயில் சுட்டால் போதாது தம்பி. டைட்டானியம் டை ஆக்சைடு எடுத்துக்கொள்வது புற ஊதாக் கதிரை, அது வெயிலில் 5 சதவீதம் அளவுதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் பிடிக்க வேண்டுமென்றால் பிஸ்மத் வனடேட், டங்ஸ்டன் ஆக்சைடு பூச்சுகளைப் பற்றிப் படித்துப் பாருங்கள். எதிர்முனைக்குப் பிளாட்டினம் வாங்கிக் காசைக் கரைக்காமல் கார்பனில் தொடங்குங்கள். செம்பு கிளிப் வேண்டாம், உப்புக் காற்றில் பச்சை பிடித்துவிடும்.

சுத்தமான தண்ணீரைத் தென்னைக்கு விடலாமா? (தேவிபட்டினம்)

அழுக்குதான் போகும், உப்பு அப்படியே இருக்கும். உப்பை அளந்துவிட்டு எழுதுங்கள்.