பாலிமர் கிளேயில் விரிசல்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நேற்று சுட்ட பிள்ளையாரின் வயிற்றில் குறுக்கே விரிசல். தொந்தி பெரிய எலுமிச்சை அளவு, உள்ளே முழுக்கக் கிளேதான். தண்ணீர் தொட்டுத் தடவித்தான் செய்தேன். போதவில்லையா?

பதில்: தண்ணீரே வேண்டாம்மா. பாலிமர் கிளே என்பது பிவிசி என்ற பிளாஸ்டிக்கின் தூளும், அதை இளக்கி வைக்கும் பிளாஸ்டிசைசரும் சேர்ந்த கலவை. காய்ந்து இறுகாது, சூட்டில்தான் இறுகும். உள்ளே ஈரம் மாட்டினால் ஓவனில் ஆவியாகிக் குமிழ்தான் விடும்.

வினை தொந்தியில்தான். மேல்தோல் முதலில் வெந்து இறுகிவிடுகிறது. நடுப்பகுதி அதற்குப் பிறகுதான் சூடேறி விரிகிறது. தோல் இடம் கொடுக்குமா? பிளந்துவிடுகிறது. அடுத்த முறை அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி உருண்டையாக்கி, மேசையில் அழுத்தி உருட்டுங்கள். கரண்டி முதுகால் தேய்த்தால் பள்ளங்கள் மூடிக்கொள்ளும். பள்ளத்தில் நிற்கும் காற்றும் விரிசலுக்குக் காரணம்தான். அதன்மேல் மெல்லிய கிளே போர்த்தி ஒரு தடவை சுட்டு, ஆறியதும் மீதியைச் சேர்த்து மறுபடி சுடுங்கள். கிளேயின் கனம் மொத்தத்தில் 5, 6 மில்லிமீட்டர் போதும். கிளேயும் மிச்சம், பொம்மையும் கனக்காது.

கேள்வி: ஓடிஜியில், அதான் மேசைமேல் வைக்கும் சின்ன மின்சார ஓவனில், 130 டிகிரி வைத்துத்தான் சுடுகிறேன். ஒரு பக்கம் பழுப்பாகிறது, மறுபக்கம் வெடிக்கிறது.

பதில்: டயலை நம்பாதீர்கள். சின்ன ஓவன்களில் கம்பி செக்கச் சிவந்து அணையும், மறுபடி சிவக்கும். சூடு ஒரே அளவில் நிற்காது. ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி உள்ளே வையுங்கள். கிளே வாங்கும் காசில் முதலில் இதை வாங்குங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். பொம்மையைத் தரை டைல் ஒன்றின் மேல் வைத்து, ஃபாயிலைக் கூடாரம்போல மேலே கவிழ்த்தால் கம்பியின் சூடு நேராக அடிக்காது. தடித்த உருவத்தை ஆறிய ஓவனில் வைத்தே சூடேற்றலாம். நேரம் முடிந்ததும் கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிடுங்கள். ஃபேனுக்கு அடியில் கொண்டுபோய் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள்!

டிகிரியையும் ஒரு தடவை சரிபாருங்கள். கிளே பிராண்டுக்கு பிராண்டு மாறும்: ஃபீமோ என்றால் 110. ஸ்கல்பி பிரீமோ என்றால் 130, அதுவும் 6 மில்லிமீட்டர் கனத்துக்கு 30 நிமிடம். பாக்கெட்டில் போட்டிருப்பதுதான் கணக்கு.

கேள்வி: ஓவன் இல்லை. இட்லிப் பானையில் ஆவியில் வைக்கலாமா மேடம்? இல்லை, வாணலியில் மணல் போட்டு?

பதில்: இட்லிப் பானை 100 டிகிரியைத் தாண்டாது, அது பற்றாது. பார்க்க இறுகியதுபோல இருக்கும், பிறகு விண்டுபோகும். வாணலியில் சூடு கைக்குள் நிற்காது. பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். கண், தொண்டை எல்லாம் எரியும். இரண்டுமே வேண்டாம். மைக்ரோவேவும் கூடாது.

கேள்வி: கம்மலுக்குச் செய்த மெல்லிய இலை, சுடும்போது நன்றாக இருந்து பிறகு பட்டென்று உடைகிறதே?

பதில்: வேகாத இலை. நன்றாக வெந்த மெல்லிய துண்டு ஆறியதும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். சூடு சரியாக இருந்தால் கூடுதலாக அரை மணி நேரம் வைத்தாலும் கருகாது. மற்ற இலைகளை வீசிவிடாதீர்கள், மறுபடி சுடலாம்.

கேள்வி: பழைய பாக்கெட், பிசையும்போதே உதிர்கிறது. அதையும் சேர்க்கலாமா?

பதில்: பொடியாக நறுக்கி, திரவக் கிளே (ஊற்றும் பதத்தில் வரும் பாலிமர் கிளே) ஒரு சொட்டு விட்டுப் பிசையுங்கள். பற்றவில்லை என்றால் இன்னொரு சொட்டு, அவ்வளவுதான். ஓரம் வெடிக்காமல் மடியும்வரை பிசைய வேண்டும். பாதியில் நிறுத்தினால் அந்த வெடிப்பு ஓவனில் பெரிதாகும். வெயிலில் கிடந்து பாதி வெந்த பாக்கெட் என்றால் கல்போல உருண்டைகள் தட்டுப்படும். அது தேறாது.

கேள்வி: விழுந்த விரிசலை மறைக்க வழி உண்டா அக்கா?

பதில்: ஓவனிலிருந்து எடுத்த கையோடு பார்த்தால், துணியால் பிடித்து இரு ஓரத்தையும் சேர்த்து அழுத்தி, ஆறும்வரை விடாமல் இருங்கள். மயிரிழை விரிசல் மூடிக்கொள்ளும். ஆறிவிட்டதா? அதே நிறக் கிளேயைத் திரவக் கிளேயில் குழைத்து, ஊசி முனையால் உள்ளே தள்ளி, வழிந்ததைத் துடைத்துவிட்டு மறுபடி சுடுங்கள். அப்புறம் 400 நம்பர் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால் ஒட்டு தெரியாது. பிள்ளையாருக்கு அதுவும் வேண்டாம், விரிசல் மேலேயே ஒரு பாம்பைச் சுற்றிவிடுங்கள்!